யூத சிந்தனையில் இறைவனை நம்பியிருத்தல்: அன்றாட வாழ்வை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

உழவன் விதைக்கிறான், மழை அவன் கையில் இல்லை. வணிகன் கப்பலில் சரக்கேற்றுகிறான். காற்று அவன் சொற்படி வீசுவதில்லை. மனிதன் செய்ய வேண்டியது எதுவரை, இறைவனிடம் விட வேண்டியது எதிலிருந்து என்னும் வினா, இறைவனை ஏற்கும் சமயங்கள் பலவற்றிலும் எழுவதே. யூத சமயத்தில் இவ்வினா மெய்யியலாளரின் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கடன் பத்திரம், கடைத்தெருப் போட்டி, மருத்துவம், நிலத்தைத் தரிசாக விடுதல் ஆகிய நடைமுறைச் சிக்கல்களின் வழியாகவே அது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது.

இறைவனை நம்பியிருத்தல் என்பதை, எல்லாம் நல்லபடியாகவே முடியும் என்ற மனத்தெம்பாகவோ, முயற்சியைக் கைவிட்டு ஒதுங்கும் மனநிலையாகவோ கருதுவது பொதுவழக்கு. யூத மரபின் முதன்மை நூல்களை நோக்கின், அம்மரபு இந்நம்பிக்கைக்கு மூன்று வரம்புகளை வகுக்க முயன்றமை புலனாகும். முயற்சியைக் கைவிடலாகாது என்பது முதலாவது. விரும்பிய விளைவுக்கு இந்நம்பிக்கை பிணையாகாது என்பது இரண்டாவது. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தம் இழப்பை ஏற்கத் துணைபுரியும் நம்பிக்கையைப் பிறர் துன்பத்திலிருந்து விலகி நிற்பதற்குக் காரணமாகக் காட்டலாகாது என்பது மூன்றாவது. இம்மூன்றையும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்பொருள் விளக்கம்

இப்பொருள் குறித்துப் பேசும் எபிரேய நூல்களில் நான்கு சொற்கள் அடிப்படையானவை. 'எமுனா' என்பது இறைவன் உண்டு, உலகைக் காக்கிறான் என ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கை. 'பித்தாஹோன்' என்பது அந்நம்பிக்கையின்மீது தன் வாழ்வைச் சாய்த்து நிற்றல். மறுநாள் வாடகைக்குப் பணமில்லாத இரவில், முன்னர் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை ஒருவரை எந்த அளவுக்கு உறங்கவிடுகிறது என்பதே பித்தாஹோனுக்குரிய அளவுகோல். தமிழில் முன்னதை 'நம்புதல்' எனவும் பின்னதை 'நம்பியிருத்தல்' எனவும் வேறுபடுத்தலாம். இன்றைய எபிரேயத்தில் பித்தாஹோன் என்பதற்குப் 'பாதுகாப்பு' என்ற பொருளும் உண்டு. இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சின் பெயரிலும் இச்சொல்லே இடம்பெறுகிறது.

'ஹஷ்காஹா' என்பது இறைப்பராமரிப்பு. இதன் வேர்ச்சொல்லுக்கு உற்று நோக்குதல் என்பது பொருள். இதனை 'ஊழ்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஊழ் முன்வினைப் பயனாக வந்து சேர்வது. ஹஷ்காஹாவோ விழிப்புடன் நோக்கும் ஒருவனின் செயல். ஆகவே அவனிடம் மன்றாடலாம், வழக்காடவும் செய்யலாம். நான்காவது சொல்லான 'ஹிஷ்தத்லுத்' மனித முயற்சியைக் குறிக்கும். பித்தாஹோன் எங்கே முடிகிறது, ஹிஷ்தத்லுத் எங்கே தொடங்குகிறது என்பதே யூத அறிஞர்களின் விவாதப் பொருளாகும்.

2. ஏழாம் நாளும் ஏழாம் ஆண்டும்

இந்நம்பிக்கையைக் கருத்தாகக் கற்பிப்பதற்கு முன்பே தோரா அதனைப் பழக்கமாகக் கற்பித்தது எனலாம். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த மக்களுக்கு வானிலிருந்து 'மன்னா' என்னும் உணவு கிடைத்ததாக யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆளுக்கு ஓர் ஓமர் அளவே அன்றாடப் பங்கு. மறுநாளுக்கென எடுத்து வைத்தது புழுத்துப்போயிற்று. ஆறாம் நாளில் மட்டும் இருமடங்கு கிடைத்தது. ஏழாம் நாளுக்கென வைத்தது கெடவில்லை. யூத இல்லங்களில் இன்றும் ஓய்வுநாள் உணவின்போது மேசையில் இரண்டு முழு அப்பங்கள் வைக்கப்படுவது இதன் நினைவாகவேயாகும். கடையை அடைத்து, கருவியைக் கீழே வைத்து, வாரத்தில் ஒரு நாள் வருவாயை விட்டுவிடுவது, நம்பியிருத்தலுக்கான வாராந்தரப் பயிற்சியாக அமைகிறது.

இதே பயிற்சி ஏழாண்டுகளுக்கு ஒருமுறை விரிவடைகிறது. இஸ்ரேல் நாட்டில் ஏழாம் ஆண்டு நிலத்தை உழாமலும் விதைக்காமலும் விட வேண்டும் என்பது சட்டம். அவ்வாண்டில் எதை உண்போம் என்று மக்கள் கேட்பர் என்பதையும் லேவியராகமம் எதிர்பார்த்து, ஆறாம் ஆண்டின் விளைச்சல் பெருகும் என விடையளிக்கிறது. அண்மைய ஏழாம் ஆண்டு 2021 செப்டம்பரில் தொடங்கி 2022 செப்டம்பரில் முடிந்தது.

இச்சட்டத்தின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாலஸ்தீனத்தில் யூத வேளாண் குடியிருப்புகள் தோன்றியபோது, ஓராண்டு சாகுபடியை நிறுத்தினால் அவை நிலைக்குமா என்ற அச்சம் எழுந்தது. நிலத்தை யூதரல்லாதாருக்கு அவ்வாண்டுக்கு மட்டும் விற்றுவிடும் ஏற்பாட்டை 1889ஆம் ஆண்டில் சில ரபிகள் அனுமதித்தனர். பின்னர் ரபி ஆபிரகாம் ஐசக் கூக் அவர்களும் இதனை ஆதரித்தார். நம்பிக்கைக் குறைவுக்கு இடங்கொடுப்பது இது எனச் சிலர் கண்டித்தனர். பசித்திருக்கும் குடும்பங்களின்மீது பிறர் நம்பிக்கையைச் சுமத்தலாகாது என்பது ஆதரவாளர் வாதத்தின் உட்கிடையாகும். இவ்விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

இதற்கு முன்னோடியான நிகழ்வொன்று பண்டைக் காலத்திலேயே உண்டு. ஏழாம் ஆண்டில் கடன்கள் தள்ளுபடியாகும் என்பதும் தோராவின் சட்டமே. அவ்வாண்டு நெருங்குகையில் பணமுடையோர் கடன்கொடுக்க மறுத்தனர், ஏழைகள் அல்லலுற்றனர். இதனைக் கண்ட ஹில்லேல் என்னும் அறிஞர் 'புரொஸ்புல்' என்ற பத்திர முறையை ஏற்படுத்தினார் என மிஷ்னா கூறுகிறது. கடன்களை நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதன்வழி அவை தள்ளுபடியாவதைத் தவிர்ப்பது இம்முறை. செல்வர்க்கு நம்பிக்கை போதவில்லை; அதன் விலையை ஏழைகள் கொடுக்கலாகாது என்பதே இங்குள்ள நீதி.

3. தல்மூத் காட்டும் முயற்சி

தல்மூத்தின் பெராஹோத் பகுதியில் இரு அறிஞர்களின் கருத்து மோதல் பதிவாகியுள்ளது. தோராவைக் கற்பதோடு உலக வழக்கப்படி உழுது அறுவடையும் செய்ய வேண்டும் என்றார் ரபி இஸ்மவேல். உழும் பருவத்தில் உழுது, விதைக்கும் பருவத்தில் விதைத்துக்கொண்டிருந்தால் கல்விக்கு ஏது நேரம்; இறைவன் விருப்பப்படி வாழ்வோர்க்குப் பிறர் கையால் வேலை நடக்கும் என்றார் ரபி சிமியோன் பர் யோகாய். நான்காம் நூற்றாண்டுப் பாபிலோனிய அறிஞர் அபாயே தீர்ப்பு வழங்க முனையவில்லை. இஸ்மவேலின் வழியில் பலர் நடந்து வெற்றி பெற்றனர் எனவும், சிமியோனின் வழியில் பலர் நடந்து வெற்றி பெறவில்லை எனவும் அவர் அனுபவத்தைச் சான்று காட்டினார். அவர் காலத்தவரான ராவாவோ ஆண்டு முழுதும் உணவுக் கவலையின்றிக் கற்கும்பொருட்டு, நிசான், திஷ்ரி ஆகிய இரு மாதங்களில் தம் கல்விக்கூடத்துக்கு வர வேண்டாம் என மாணாக்கரைப் பணித்தார். அவை வயல்வேலைக்கும் பழம் பிழிதலுக்கும் உரிய பருவங்கள்.

ஒருவரின் ஆண்டு வருவாய் புத்தாண்டுக் காலத்திலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது என்ற கருத்தும் தல்மூத்தில் உண்டு. அதே தல்மூத், ஆபத்தான இடத்தில் நின்றுகொண்டு அற்புதம் நிகழும் எனக் காத்திருக்கலாகாது என்றும் எச்சரிக்கிறது. இவ்விரண்டும் முரண்பட்டவையாகத் தோன்றலாம். இடைக்கால உரையாசிரியர்களான தோசாபோத் அறிஞர்கள் எடுத்துக்காட்டும் ஒரு விளக்கம் இவற்றை இணைத்துக் காண உதவுகிறது. மிஷ்னாவின் வேளாண் பகுதிக்கு 'எமுனா' என ஏன் பெயர் சூட்டப்பட்டது என்ற வினாவுக்கு, விதைப்பவன் உலகின் உயிராகிய இறைவனை நம்பியே விதைக்கிறான் என்பது அவர்கள் தரும் விடை. விதைக்காதிருப்பவனை அவர்கள் நம்பிக்கைக்கு உருவமாகக் கொள்ளவில்லை, விதைப்பவனையே கொண்டனர்.

4. பஹியாவின் நான்காம் வாயில்

நம்பியிருத்தலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த யூத நூல்களுள் தலையாயது 'இதயத்தின் கடமைகள்'. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் நீதிபதியாக விளங்கிய பஹியா இப்னு பக்கூதா இதனை ஏறத்தாழ 1080இல் அரபு மொழியில் இயற்றினார். 12ஆம் நூற்றாண்டில் யூதா இப்னு திப்பொன் இதனை எபிரேயத்தில் பெயர்த்தார். பத்து வாயில்களாக அமைந்த இந்நூலின் நான்காம் வாயில் முழுவதும் பித்தாஹோன் பற்றியது. இசுலாமிய சூஃபியர் போற்றும் 'தவக்குல்' என்னும் கருத்தின் தாக்கத்தை இதில் காணலாம்.

பஹியா தொடக்கத்திலேயே நம்பியிருப்பவனை இரசவாதியுடன் ஒப்பிடுகிறார். இரசவாதி பொன் செய்ய வல்லவனாயினும் குறிப்பிட்ட பொருள்கள் கிடைத்தால்தான் தொழில் நடக்கும். புகை உடலைக் கெடுக்கும். மறைபொருள் வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சமும் அவனை விட்டகலாது. நம்பியிருப்பவனுக்கு இக்கவலைகள் இல்லை. அவ்வாறாயின் அவன் வாளாவிருக்கலாமா எனின், பஹியா அதனை மறுக்கிறார். கிணற்றுநீர் இறைக்கும் பொறியை அவர் உவமையாக்குகிறார். நீரை மேலே கொணர்வது கலயம். கலயத்தை இயக்குவது சக்கரம். சக்கரத்தைச் சுழற்றுவது விலங்கு. விலங்கைப் பூட்டியவன் மனிதன். உலகின் காரணங்கள் அனைத்தும் இவ்வாறு தொடராக அமைந்தவை. கலயத்துக்கு நன்றி சொல்வது அறியாமை. கலயத்தை உடைத்துப்போடுவதும் அறியாமையே.

எனவே தம் இயல்புக்கும் உடல்வலிமைக்கும் ஏற்ற தொழிலைத் தேர்ந்து, அதனை இறைவன் இட்ட பணியாகக் கருதிச் செய்தல் வேண்டும் என்பது பஹியாவின் அறிவுரை. நஞ்சையுண்டு இறைவன் காப்பான் என்பவன் நம்பிக்கையாளன் அல்லன், குற்றவாளி என அவர் கருதுகிறார்.

5. மைமோனிடிசும் இந்தியக் கடலும்

இந்தியப் பெருங்கடல் வணிக வரலாற்றைப் பயில்வோர் கெய்ரோ கெனிஸா ஆவணங்களை அறிவர். பழைய கெய்ரோவாகிய புஸ்தாத்தின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் சேமிக்கப்பட்டிருந்த இவ்வேடுகளுள் மலபார்க் கரையுடன் வணிகம் செய்த யூதர்களின் கடிதங்களும் அடங்கும். கடிதம் நெடுகிலும் இறையருளை வேண்டிய இவ்வணிகர்கள், சரக்கு முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றாது பல கப்பல்களில் பிரித்து அனுப்பினர். இறைவேண்டலும் இடர்க்காப்பும் ஒரே கையால் எழுதப்பட்டிருப்பதை இங்குக் காண்கிறோம்.

அவற்றுள் ஒரு கடிதம் நெஞ்சை உருக்குவது. ஏறத்தாழ 1170இல் செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து தாவீது என்னும் இளம் வணிகர் தம் அண்ணனுக்கு எழுதியது அது. வணிகக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒரே ஒரு துணையுடன் பாலைவனத்தைக் கடந்த தம் துணிவு அறிவீனம் என்பதை அவரே ஒப்புகிறார். ஐதாபில் கொள்முதலுக்கு உகந்த சரக்கு கிடைக்கவில்லை. ஆகவே இந்தியாவுக்குக் கப்பலேறப் போவதாகத் தெரிவிக்கிறார். பாலையில் காத்தவன் கடலிலும் காப்பான் என்ற கருத்தில் வீட்டாரைத் தேற்றும்படி வேண்டுகிறார். அவர் திரும்பவில்லை, இந்தியக் கடலில் மூழ்கி இறந்தார். கடிதத்தைப் பெற்ற அண்ணன் யூத மெய்யியலின் பேராளுமையான மோசே மைமோனிடிஸ் (இறப்பு 1204). தாவீதுடன் குடும்பத்தின் செல்வமும் பிறர் பணமும் கடலில் மறைந்தன. அவர் மனைவியும் சிறு மகளும் அண்ணனின் பொறுப்பாயினர். ஏறத்தாழ ஓராண்டு தாம் காய்ச்சலும் மனச்சோர்வுமாய்ப் படுக்கையில் கிடந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின் மைமோனிடிஸ் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார்.

ஏறத்தாழ 1190இல் நிறைவுற்ற 'மயங்குவோர்க்கு வழிகாட்டி' என்னும் நூலில் அவர் இறைப்பராமரிப்பு குறித்த ஐந்து கொள்கைகளை வகைப்படுத்துகிறார். எல்லாம் தற்செயல் என்பது முதல், அனைத்தும் இறைவிருப்பம் என்பது வரை அவை விரிகின்றன. தனித்தனியான பராமரிப்பு மாந்தர்க்கே உரியது. அதுவும் அவரவர் அடைந்த அறிவின் அளவுக்கு ஏற்ப அமைவது என்பது அவர் நிலைப்பாடு. அவ்விடத்தில் அவர் காட்டும் உதாரணம் ஒரு கப்பல் மூழ்குவதும் அதிலிருந்தோர் இறப்பதுமே. கப்பல் மூழ்கியது தற்செயலாயினும், அவர்கள் அதில் ஏறியது தற்செயல் அன்று என்கிறார். தம்பியின் பெயர் அங்கு இல்லை. ஆயினும் இறைப்பராமரிப்பை அறிவுநெறியால் விளக்கிய அதே பேரறிஞர், ஓராண்டு எழ இயலாது கிடந்தவர் என்பதை மறத்தற்கில்லை. நம்பியிருத்தல் துயரத்தை இல்லாததாக்கிவிடும் என அம்மரபு கூறவில்லை.

6. மருத்துவமும் முயற்சியின் அளவும்

நோயைத் தருபவன் இறைவனாயின் மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவாகாதா என்ற வினா அம்மரபில் வெளிப்படையாகவே எழுப்பப்பட்டது. மருத்துவருக்குக் குணப்படுத்தும் அனுமதி தோராவாலேயே வழங்கப்பட்டுள்ளது எனத் தல்மூத் முடிவு செய்தது. தாமே மருத்துவராகவும் விளங்கிய நக்மானிடிஸ் (1194-1270), முழு நிறைவான மக்களுக்கு மருத்துவர் தேவைப்படார் எனக் கருதினார். எனினும் தோரா அற்புதங்களைச் சார்ந்து சட்டம் வகுப்பதில்லை என்றார். மைமோனிடிஸ் இதனினும் கடுமையாகப் பேசினார். மருந்துண்பது நம்பிக்கையைக் குலைக்குமாயின் பசித்தவன் அப்பம் உண்பதும் குலைக்க வேண்டுமே என்பது அவர் வாதம். ஜோசப் காரோவின் சட்டத்தொகுப்பான 'ஷுல்ஹான் அரூக்' (1565), குணப்படுத்துவதைக் கடமையாக்கியதோடு, இயன்றும் செய்யாதவர் குருதி சிந்தியவர்க்கு ஒப்பாவார் எனவும் விதித்தது.

முயற்சி தேவை என்பது உறுதியான பின், அதன் அளவு பற்றிய வினா எழுகிறது. மோசே ஹாயிம் லுட்சாட்டோ 1740இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'நேர்மையாளர் பாதை' என்ற நூலில் முயற்சியை ஒருவகை வரிக்கு ஒப்பிடுகிறார். ஆதாமின் மீதான சாபத்தால் மனிதன் செலுத்த வேண்டிய வரி அது. வரி செலுத்துவது கட்டாயம். ஆயினும் செல்வத்தைத் தருவது வரியன்று. ஆகவே அளவுக்கு மீறி ஓடியாடுவதில் பயனில்லை என்பது அவர் கருத்து. ரபி யோசேப் யோசெல் ஹோர்விட்ஸ் (1847-1919) இதனை அதன் எல்லைவரை கொண்டுசென்றார். முன்னர் வணிகராயிருந்த அவர், இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள நோவர்தோக்கில் கல்விக்கூடம் நிறுவி, முயற்சியை மிகக் குறைத்து வாழப் பயிற்றுவித்தார். நம்பியிருப்பவன் என்னும் பொருளுடைய எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகளை அவர் தம் கையொப்பத்துடன் சேர்த்து எழுதினார். நோவர்தோக் வழி சிலருக்கு உரியதாகவே நின்றது. பெரும்பான்மையோர் அபாயே சுட்டிய வழியிலேயே நடந்தனர்.

7. நல்விளைவுக்கு உறுதி உண்டா?

இருபதாம் நூற்றாண்டில் விவாதம் வேறொரு புள்ளியை மையமிட்டது. 'ஹசோன் இஷ்' எனப் போற்றப்படும் ரபி ஆபிரகாம் கரேலிட்ஸ் (1878-1953) எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1954இல் வெளிவந்த 'எமுனாவும் பித்தாஹோனும்' என்ற நூல், பரவலான ஒரு கருத்தைப் பிழையெனச் சுட்டுகிறது. இக்கட்டான நிலையில் நல்லதே நடக்கும் என உறுதிகொள்வது பித்தாஹோன் ஆகாது. வருங்காலம் இறைவாக்கால் வெளிப்படாதவரை எவரும் அதனை அறியார். உலகில் தற்செயல் என ஒன்றில்லை; நிகழ்வது எதுவாயினும் இறைவனிடமிருந்தே வருகிறது என அறிந்து அமைதல்தான் பித்தாஹோன் என அவர் வரையறுக்கிறார்.

இதற்கு அவர் தரும் சோதனை கடைத்தெருவில் அமைந்தது. எப்பொழுதும் இறைநம்பிக்கையைப் பேசும் ஒரு கடைக்காரர் இருக்கிறார். தொழில் செழிக்கிறது. ஒருநாள் வேறொருவர் அருகில் அதே தொழிலைத் தொடங்கப்போவதை அறிகிறார். உடனே கலங்குகிறார்; போட்டியாளரைத் தடுக்கச் சூழ்ச்சியும் செய்கிறார். முன்னர் அவர் நம்பியது இறைவனை அன்று, தம் வருவாயை என்பது அப்பொழுது வெளிப்படுகிறது. உண்மையில் நம்பியிருப்பவரோ புதியவருக்கு உதவவும் முன்வருவார். பித்தாஹோனுக்குரிய உரைகல் நாவன்று. அயலாரை நடத்தும் முறையே என்பது இதனால் பெறப்படும்.

லுபாவிச் ஹசிதியரின் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னேர்சன் (1902-1994) இதனின் வேறுபட்டார். வெளிப்படையான, கண்ணுக்குப் புலனாகும் நன்மையே வரும் என உறுதியாக நம்புவதே பித்தாஹோன். அத்தகைய நம்பிக்கையே அந்நன்மைக்கு வழி திறக்கிறது என்பது அவர் விளக்கம். துன்புறுவோரை நிமிர்ந்து நிற்கச் செய்யும் ஆற்றல் இக்கொள்கைக்கு உண்டு. எனினும் நன்மை வராதபோது, நம்பிக்கை போதவில்லை எனப் பாதிக்கப்பட்டவரையே குறைகூறும் ஆபத்தும் இதனுள் மறைந்திருக்கிறது எனலாம்.

நாஜி இனப்படுகொலை இவ்வினாவைத் தாங்கவொண்ணாத நிலைக்குக் கொண்டுவந்தது. வார்சாவில் 1939 முதல் 1942 வரை வாரந்தோறும் சமயவுரை ஆற்றியவர் ரபி கலோனிமுஸ் கல்மன் ஷப்பீரா. போரின் தொடக்கத்திலேயே தம் ஒரே மகனைக் குண்டுவீச்சில் இழந்தவர் அவர். முந்தைய தலைமுறைகளும் இத்தகைய துன்பங்களைக் கண்டுள்ளன என முதலில் ஆறுதல் கூறினார். 1942இன் இறுதியிலோ, அவ்வுரையில் ஒரு குறிப்பைச் சேர்த்து, இப்பொழுது நிகழ்வதற்கு முன்னுவமை இல்லை எனத் தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். 1943 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். மறைத்துவைக்கப்பட்ட கையெழுத்துப்படி போருக்குப்பின் கண்டெடுக்கப்பட்டு 1960இல் நூலாயிற்று. இறைவனை விட்டகலாமலே எளிய ஆறுதலை அவர் விட்டுவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

8. பிறர் துன்பமும் நம்பியிருத்தலும்

உரோம ஆளுநர் தின்னேயுஸ் ரூஃபுஸ், ரபி அகிபாவிடம் ஒரு வினா தொடுத்ததாகத் தல்மூத் கூறுகிறது. உங்கள் இறைவன் ஏழைகளை நேசிப்பவனாயின் அவர்களுக்கு ஏன் உணவளிக்கவில்லை? சினமுற்ற மன்னன் தன் அடிமையைச் சிறையிட்டு உணவை மறுக்கும்போது, இடையில் புகுந்து உணவளிப்பவன்மீது மன்னன் சினவானா என்றும் அவர் கேட்டார். அகிபா உவமையை மாற்றினார். சிறையிலிருப்பவன் அடிமையல்லன், மன்னனின் மகன். மகனுக்கு உணவளித்தவனுக்கு மன்னன் பரிசனுப்பமாட்டானா என்றார். இறைவன் ஒருவரை வறுமையில் வைத்திருக்கிறான் என்ற வாதம் கையை மடக்குவதற்குரிய காரணமாகாது என்பதே இவ்விடையின் சாரம்.

அகிபாவின் ஆசிரியருள் ஒருவரான கம்சு ஊர் நகூமின் கதை இதனை மேலும் ஆழமாக்குகிறது. தமக்கு எது நேரினும் இதுவும் நன்மைக்கே என ஏற்றவர் என அவர் புகழ் பெற்றார். முதுமையில் அவர் கண்களும் கைகால்களும் இழந்து கிடந்தார். இத்தனை நேர்மையாளருக்கு இந்நிலை ஏன் என மாணாக்கர் வினவினர். ஒருமுறை உணவுப்பொதி ஏற்றிய கழுதைகளுடன் தாம் சென்றபோது ஓர் ஏழை வழிமறித்து உணவு கேட்டதையும், பொதியை இறக்கும்வரை பொறுத்திருக்கச் சொன்னதையும், அதற்குள் அவர் இறந்துவிட்டதையும் நகூம் கூறினார். அக்கணமே தம் உறுப்புகளைத் தாமே சபித்துக்கொண்டதையும் எடுத்துரைத்தார். தமக்கு வந்த கேடு அனைத்தையும் நன்மை என ஏற்ற அதே மனிதர், அந்த ஏழையின் இறப்பை நன்மைக்கே எனச் சொல்லவில்லை. சில கணத் தாமதத்தையும் தமக்கு மன்னிக்கவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால், யூத சிந்தனையில் இறைவனை நம்பியிருத்தல் முயற்சிக்கு மாற்றாக அமையவில்லை என்பதும், விதைப்பவனின் செயலே அதற்கு உருவமாயிற்று என்பதும் தெளிவாகின்றன. விரும்பிய விளைவை அது உறுதிசெய்கிறதா என்பதில் அறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆயினும் தாவீதின் கடிதத்தையும் வார்சா உரைகளையும் உளங்கொள்வோர்க்கு ஹசோன் இஷின் வரையறை ஏற்புடையதாகத் தோன்றும். அனைத்தினும் மேலாக, ஹில்லேலின் பத்திரமும் கடைக்காரரின் சோதனையும் நகூமின் கதையும் ஒரே திசையைச் சுட்டுகின்றன. எனக்கு நேர்ந்ததைக் குறித்து இறைவன் பார்த்துக்கொள்வான் எனச் சொல்வது நம்பிக்கை. அச்சொல்லையே பசித்து நிற்பவனிடம் சொன்னால் அது கைவிடுதலாகும். இவ்வேறுபாட்டைக் காப்பதில்தான் அம்மரபின் அறவலிமை தங்கியுள்ளது.